குடை ஃப்ரீ... கப்பலும் ஃப்ரீ!

உலகத்திலேயே மலிவான கப்பல் டிக்கெட் எந்த ஊரில் கிடைத்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.

சிங்கப்பூர்? இல்லை. துபாய்? ம்ஹூம்.

நம்ம தூத்துக்குடியில்!

டிக்கெட் விலை பூஜ்யம். ஏறி உட்கார்ந்தால் போதும், கொழும்பில் கொண்டுபோய் இறக்கி விடுவார்கள். கூடவே கையில் ஒரு குடையும் கொடுப்பார்கள். அதுவும் இலவசம். ரீல் இல்லை ஸார்... 1906-க்கும் 1908-க்கும் நடுவில் நடந்த கதை. முழுசாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், இப்போது ஊரெல்லாம் பரவியிருக்கிற கப்பல் ஜுரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

முன்பெல்லாம் கல்யாணம் ஆனால் குற்றாலம். கொஞ்சம் வசதி என்றால் கொடைக்கானல். மாமனார் பசையுள்ள பார்ட்டி என்றால் ஊட்டி. இப்போது பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னாலேயே பெண் கேட்டுவிடுகிறாள், "நாம க்ரூஸ் போலாமா?"

செல்போனில் படம் வருகிறது. நீலக் கடல். வெள்ளைக் கப்பல். மொட்டை மாடியில் நீச்சல் குளம். அதில் கூலிங் கிளாஸ் போட்ட ஒரு ஜோடி. மேலே கொட்டை எழுத்தில், '2 இரவு, 3 பகல், ஒரு நபருக்கு வெறும் 19,999 ரூபாய்!' பக்கத்தில் கொசு சைஸில் ஒரு நட்சத்திரக் குறி.

கல்யாணத்துக்கு நட்சத்திரப் பொருத்தம் பார்க்கிற நாம், ஹனிமூனுக்கு இந்த நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை!

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஆபீஸ். மதியம். டிபன் பாக்ஸ் திறந்திருக்கிறது.

"அண்ணாச்சி, தலைக்கு இருபதாயிரம்தான். ரெண்டு பேருக்கு நாப்பது. மாசம் நாலாயிரம் ஒதுக்குனா பத்தே மாசம்லா!"

"கப்பலு எங்கருந்துலே கெளம்புது?"

"மெட்ராஸ்லருந்து."

"சரி, நீ எங்கருந்துலே கெளம்புத?"

"..........."

அண்ணாச்சியின் இந்த இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரையே.

நட்சத்திரத்துக்குள்ளே என்ன?

'ஒரு நபருக்கு' என்று போட்டிருக்கிறதே, அதற்கு ஒரு உள் அர்த்தம் உண்டு. 'ஒரு ரூமை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டால் ஒரு நபருக்கு' என்று படிக்க வேண்டும். கல்யாணம் ஆகாத கட்டை தனியாகப் போகிறேன் என்றால், காலியாகக் கிடக்கும் அடுத்த கட்டிலுக்கும் சேர்த்துத்தான் பெரும்பாலும் காசு கேட்பார்கள். பிரம்மச்சரியத்துக்கு அபராதம்!

அதே சமயம் மூன்று, நான்கு பேர் ஒரே ரூமில் அடைந்துகொண்டால், மூன்றாவது நான்காவது ஆளுக்கு ரேட் குறைவு. மேன்ஷனில் பழகின பேச்சிலர்களுக்கு இது கைவந்த கலை.

அடுத்து ரூம். விளம்பரத்தில் இருப்பது பால்கனி ரூம். விளம்பர விலை இருப்பது உள் ரூமுக்கு. உள் ரூம் என்றால் ஜன்னல் கிடையாது. விடிந்ததா, இருட்டியதா என்று கடிகாரம்தான் சொல்லும். அடுத்த படி, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். அதற்கு மேலேதான் பால்கனி. ஒவ்வொரு படிக்கும் விலை ஏறும். ஒன்று சொல்கிறேன்... தூங்க மட்டும்தான் ரூமுக்குப் போவேன் என்கிற ஆளுக்கு உள் ரூமே போதும். மேல்தளத்தில் அடிக்கிற காற்று எல்லா டிக்கெட்டுக்கும் ஒரே காற்றுதான். கப்பல் பயணத்தில் காசு மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

அப்புறம் வரிசையாக வருவார்கள் உறவினர்கள். துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம். பல விளம்பரங்களில் இது எதுவுமே கொட்டை எழுத்து விலையில் இருக்காது. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் முகம் காட்டும்.

கப்பலில் சாப்பாடு இலவசம் என்பது உண்மை. மெயின் ஹாலில் மூன்று வேளையும் வெளுத்துக் கட்டலாம். ஆனால் ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட், குளிர்பானம், 'மற்ற' பானம், இன்டர்நெட், கரையில் இறங்கி ஊர் சுற்றக் கூட்டிப் போகும் பஸ்... இதற்கெல்லாம் தனி மீட்டர். கப்பலில் பெரும்பாலும் ரொக்கம் வாங்க மாட்டார்கள். ஒரு அட்டையைக் கொடுத்து உரசச் சொல்வார்கள். உரச உரச சுகமாகத்தான் இருக்கும். இறங்குகிற அன்றைக்குக் காலையில் பில் வரும்போதுதான் கடல் ஆடுவது நன்றாகத் தெரியும்.

வாசலில் இருந்து வாசல் வரை

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. எல்லாம் உதாரணத்துக்குப் போட்ட எண்கள்தான். உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட், இரண்டு பேருக்கு: 40,000.
துறைமுகம், வரி, சேவைக் கட்டணம்: 12,000.
நெல்லையில் இருந்து சென்னை போக வர, ஆட்டோ உட்பட: 5,000.
கப்பலுக்கு முதல் நாள் சென்னையில் ஒரு லாட்ஜ்: 2,500.
கப்பலுக்குள் உரசியது: 8,000.
புது சூட்கேஸ், புது உடுப்பு (கேட்காமல் இருப்பாளா?): 5,000.

கூட்டினால் 72,500. நாற்பதாயிரத்துக்குத் திட்டம் போட்டவர் இன்னும் முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறுக்கு எங்கே போவார்? பர்சனல் லோன்! இரண்டு ராத்திரி கடலில் மிதந்துவிட்டு, இரண்டு வருஷம் ஈ.எம்.ஐ.யில் முங்குவது என்ன கணக்கு?

முதல் நாளே சென்னை போய்விடச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. ரயில் லேட் ஆனால் டிக்கெட் பரிசோதகர் நமக்காக வருத்தப்படுவார். கப்பல் படாது. நேரத்துக்கு நகர்ந்துவிடும். பணமும் கூடவே நகர்ந்துவிடும்.

ஆக, கப்பல் விலையைச் சென்னையில் இருந்து பார்க்காதீர்கள். உங்கள் வீட்டு வாசலில் செருப்பு போடுவதில் ஆரம்பித்து, திரும்பி வந்து அதே வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் கூட்டுங்கள். அதுதான் விலை.

மீன் கடையும் இருட்டுக் கடையும்

சரி, கப்பல்காரன் எதற்காகத் தள்ளுபடி கொடுக்கிறான்? நம் மேல் பாசமா?

நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக் கடையைப் பாருங்கள். சாயங்காலம் திறக்கிறார்கள், க்யூ நிற்கிறது, அல்வா தீர்ந்துபோகிறது. 'இரண்டு கிலோ வாங்கினால் அரைக் கிலோ இலவசம்' என்று என்றைக்காவது போர்டு மாட்டினார்களா? எல்லாம் விற்றுத் தீர்கிற கடைக்கு ஆஃபர் எதற்கு?

மீன் கடை அப்படி இல்லை. காலையில் கறாராகப் பேசுகிற அம்மா, வெயில் ஏற ஏற "எடுத்துக்கிட்டுப் போங்கய்யா" என்பார். சாயங்காலம் வரை வைத்திருந்தால் மீனுக்கு மதிப்பு இல்லை.

கப்பல் ரூம் என்பது மீன். கப்பல் கரையை விட்டு நகர்ந்த நிமிஷத்தில் காலி ரூமின் மதிப்பு பூஜ்யம். எண்ணெய்ச் செலவு, சம்பளம், சமையல் எல்லாம் ரூம் நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் காலியாகப் போவதைவிடக் கிடைத்த காசுக்கு ஆள் ஏற்றலாம் என்று நினைப்பார்கள். நிறைய ஆஃபர்களின் ரகசியம் இதுதான்.

இதில் இருந்து நமக்குக் கிடைக்கும் பாடங்கள்:

ஒன்று, சனி ஞாயிறு, பள்ளிக்கூட லீவு, தீபாவளி, புது வருஷம் இந்த நாள்களில் கப்பல் இருட்டுக் கடை. வார நாள்களிலும், பரீட்சை நேரத்திலும் மீன் கடை. லீவு சொல்ல மேனேஜரைச் சமாளிக்க முடிந்தால் பாதி ஆஃபர் அங்கேயே கிடைத்த மாதிரி.

இரண்டு, கடைசி நிமிஷத் தள்ளுபடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் லாபம். ராயபுரத்துக்காரர் சாயங்காலம் பெட்டி கட்டிவிடுவார். நமக்கு? நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட், தட்கல், இல்லாவிட்டால் ஆம்னி பஸ் ரேட். கப்பலில் மிச்சம் பிடித்ததை ரோட்டில் விட்டுவிடுவோம். நெல்லைக்காரனுக்கு முன்கூட்டியே பதிவு செய்வதுதான் சரி.

மூன்று, வழியில் எந்தெந்த ஊர் என்று போட்டிருந்தாலும், அங்கே இறங்கியே தீருவோம் என்று நினைக்காதீர்கள். 2022 ஜூன் மாதம் சென்னையில் இருந்து கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் பயணத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அதே மாதம் அந்தக் கப்பல் புதுச்சேரிக்குப் போனபோது அங்கே அனுமதி கிடைக்கவில்லை. பயணிகள் புதுச்சேரியைக் கடலில் இருந்தே பார்க்க வேண்டியதாயிற்று. ஊர் தவறினால் என்ன தருவார்கள், பயணத்தை நாம் ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

சொல்ல மறந்துவிட்டேன்... அந்த எம்ப்ரஸ் 1990-ல் வேறு பெயரில் முதல் பயணம் போன கப்பல். கிட்டத்தட்ட நம்ம வயசுதான். பெயின்ட் அடித்தால் யாரும் இளமைதான்!

எட்டணா யுத்தம்

இப்போது குடைக்கு வருவோம்.

தூத்துக்குடி கொழும்பு கடல் வழி அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. வைத்ததுதான் ரேட். அப்போது ஒட்டப்பிடாரத்துக்காரர் ஒரு வக்கீல் கிளம்பினார். வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். தலா 25 ரூபாயில் 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்று, 1907-ல் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார் வ.உ.சி. ஒரு கப்பலில் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் ஏறலாம்.

வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. அதாவது பதினாறு அணா. சுதேசிக் கம்பெனி எட்டணா என்று அறிவித்தது. பதிலுக்கு வெள்ளைக்காரன் எறிந்ததுதான் பிரம்மாஸ்திரம். பயணம் இலவசம்! குடையும் இலவசம்!

சுதேசிக் கப்பல்களில் கூட்டம் வற்றிப்போனது என்றுதான் வரலாறு சொல்கிறது.

ஏறினவர்களைக் குற்றம் சொல்லலாமா? பிழைப்புக்காகக் கடல் தாண்டுகிறவனுக்கு எட்டணா பெரிய காசு. குடை அதைவிடப் பெரிய சொத்து. ஆனால் அந்தக் குடைக்கு யார் பணம் கொடுத்தது? பெரிய கம்பெனிக்கு உலகம் பூரா கப்பல். தூத்துக்குடியில் விட்டதை இன்னொரு துறைமுகத்தில் பிடித்துக்கொள்ளும். இரண்டே கப்பல் வைத்திருந்தவருக்கு அந்த வசதி ஏது? போட்டிக்காரன் மூச்சு அடங்கும் வரைக்கும்தான் இலவசம். அப்புறம் குடை எதற்கு?

வியாபாரப் பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. போட்டியாளனை ஒழிப்பதற்காக அடக்க விலைக்கும் கீழே விற்பது. சந்தையில் கை ஓங்கிய நிறுவனம் இப்படிச் செய்வதை நம் நாட்டின் 2002-ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. வ.உ.சி.க்கு அந்தச் சட்டம் சுமார் நூறு வருஷம் லேட்.

1908 மார்ச் 12-ம் தேதி அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த ஜூலையில் 40 வருஷ தண்டனை என்று தீர்ப்பு வந்தது. மேல் முறையீட்டில் குறைந்தாலும், கோவை சிறையில் செக்கு இழுத்தார். 1912-ல் விடுதலையாகி வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. அதற்கு முந்தின வருஷமே கணக்கை முடித்து மூடிவிட்டார்கள். 'காலியா' கப்பல் போய்ச் சேர்ந்தது அந்தப் போட்டிக் கம்பெனியிடமே என்கிறார்கள். அதைப் படிக்கும்போதுதான் தொண்டை அடைக்கிறது.

இன்றைக்கும் குடை உண்டு

ஒரு போன் வரும். "வாழ்த்துகள் ஸார்! எங்கள் குலுக்கலில் நீங்கதான் அதிர்ஷ்டசாலி. ரெண்டு பேருக்கு கப்பல் பயணம் ஃப்ரீ. ஞாயித்துக்கிழமை ஹோட்டலுக்கு வந்து கூப்பன் வாங்கிக்கோங்க. மேடத்தையும் கண்டிப்பா கூட்டிட்டு வரணும்."

ஏன் மேடம் கண்டிப்பாக வர வேண்டும்? 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று நீங்கள் நழுவக் கூடாதே, அதற்கு!

ஏ.சி. ஹால், ஜூஸ், பாட்டு. பிறகு மூன்று மணி நேரப் பிரசங்கம். 'வருஷா வருஷம் உல்லாசம்' என்று லட்சக் கணக்கில் ஒரு மெம்பர்ஷிப். "இன்னிக்கு கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரேட்." அந்த இலவசக் கப்பல் கூப்பனைத் திருப்பிப் பார்த்தால், போக வரச் செலவு, வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் நம் தலையில். தேதி அவர்கள் சௌகரியம்.

எந்த ஆஃபர் வந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள். கப்பல் பேர் என்ன? தேதி என்ன? எந்த வகை ரூம்? எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? நான்குக்கும் எழுத்தில் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். "மொதல்ல அட்வான்ஸ் போடுங்க ஸார்" என்று ஒரு தனி ஆளின் செல்போன் நம்பருக்குப் பணம் அனுப்பச் சொன்னால், அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு ஒரு டீ குடியுங்கள்.

பர்ஸுக்கு ஏற்ற கப்பல்

கப்பலே வேண்டாம் என்கிறீர்களா என்று கோபப்படாதீர்கள். உல்லாசக் கப்பலுக்கும் பயணக் கப்பலுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும். உல்லாசக் கப்பலில் நீச்சல் குளத்துக்கும் சேர்த்துக் காசு. பயணக் கப்பலில் கடலுக்கு மட்டும் காசு. நெல்லைக்காரனுக்கு எட்டுகிற தூரத்தில் என்னென்ன இருக்கிறது என்று சில்லறையில் ஆரம்பித்துப் பார்க்கலாம்.

கோட்டயம் - ஆலப்புழை படகு: ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரையைத் தொட்டுக்கொண்டே போய், செங்கோட்டை தாண்டி மலை ஏறி, காலையில் கோட்டயத்தில் இறக்கிவிடும். அங்கே கோடிமத படகுத்துறையில் இருந்து கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு ஆலப்புழைக்குப் போகிறது. சுமார் இரண்டரை மணி நேரம். காயல், வயல், தென்னை, வாத்துக் கூட்டம் என்று ஹவுஸ்போட்காரர்கள் ஆயிரக் கணக்கில் வாங்கிக்கொண்டு காட்டுகிற அதே தண்ணீர். டிக்கெட் ஒரு பிளேட் பரோட்டா காசுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீன் கூடை அம்மாக்களும் உங்களோடு வருவார்கள். கிளம்பும் நேரத்தை மட்டும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொச்சியில் 'நெஃபர்டிட்டி': கேரள அரசின் உள்நாட்டு நீர்வழிக் கழகம் 2018-ல் இறக்கிய, எகிப்திய ஜோடனை செய்த சின்ன உல்லாசக் கப்பல். சில மணி நேரம் அரபிக் கடலுக்குள் கூட்டிப் போய்ப் பாட்டு, சாப்பாட்டோடு திருப்பிக் கொண்டுவந்து விடும். தங்கல் கிடையாது. 'க்ரூஸ் போனோம்' என்று போட்டோ போடத்தான் ஆசை என்றால் இதுவே தாராளம்.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை: 2023 அக்டோபர் 14-ம் தேதி 'செரியாபாணி' என்ற கப்பலோடு ஆரம்பித்தது. தொடக்க நாளில் சலுகைக் கட்டணம் 2,800 ரூபாய். மறுநாள் முதல் 7,670! ஒரு வாரத்துக்குள் மழைக்காலம் என்று நின்றுபோனது. 2024 ஆகஸ்ட் 16-ம் தேதி 'சிவகங்கை' என்ற கப்பல் வந்தது. சுமார் நான்கு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்துப் பக்கம் இறங்கலாம். பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான அனுமதியும் அவசியம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் சேவையை நிறுத்திவிடுவார்கள். அதனால் கப்பல் ஓடுகிறதா என்று கேட்காமல் நாகைக்கு பஸ் ஏறாதீர்கள்.

சென்னை - அந்தமான்: அரசுப் பயணிகள் கப்பல். ஏறக்குறைய மூன்று நாள் கடல். ஒரு பெரிய ஹாலில் அடுக்குக் கட்டில் போட்ட 'பங்க்' வகுப்புதான் மலிவு. பணம் கூடக் கூட கேபின். சாப்பாட்டுக்குத் தனிக் காசு. ஏ.சி. இருக்கும், ஆடம்பரம் இருக்காது. முதல் நாள் வயிற்றைப் புரட்டும், வாந்தி மாத்திரை முக்கியம். இரண்டாம் நாள் சுற்றிலும் கரையே தெரியாமல் ஒரு சூரிய உதயம் வரும். அதற்கு ஐந்து நட்சத்திரம் தேவையில்லை. ஒரே சிக்கல், மாதத்துக்குச் சில பயணங்கள்தான். போக ஒரு வாரம், வர ஒரு வாரம் என்று லீவு தின்னும். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று கலந்துகொள்வது புத்திசாலித்தனம்.

லட்சத்தீவு: கொச்சியில் இருந்து கப்பல். 'எம்.வி. கவரத்தி'யில் 700 பேர் போகலாம். 'சமுத்ரம்' என்ற பெயரில் அரசு நடத்திய ஐந்து நாள் திட்டம் உண்டு. ராத்திரி கப்பலில் தூக்கம், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று தீவுக்கு ஒரு நாள். சாப்பாடு, தங்கல், தீவு சுற்றல் எல்லாம் ஒரே விலையில் அடங்கும். மொத்தச் செலவு முன்னாலேயே தெரிந்துவிடுகிற கப்பல் இது மாதிரி அபூர்வம். அனுமதிச் சீட்டு கட்டாயம். பயணத் தேதி அறிவித்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு லீவு போடுங்கள். தண்ணி பார்ட்டிகளுக்கு ஒரு தகவல்... மக்கள் வாழும் தீவுகளில் மதுவிலக்கு. அங்கே கிடைக்கிற ஒரே தண்ணி, சுற்றி இருக்கிற உப்புத் தண்ணிதான்!

இதையெல்லாம் பார்த்த பிறகும் பெரிய கப்பல்தான் வேண்டுமா? தாராளமாகப் போங்கள். வாசலில் இருந்து வாசல் வரை கணக்குப் போட்டு, உள் ரூம் எடுத்து, வார நாள் பார்த்து, சேர்த்து வைத்த காசில் போங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். கடலுக்கு அலை உண்டு, வட்டி கிடையாது. இரண்டையும் நாமாகப் போய்க் கலக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு ஆதங்கம்.

கொற்கையில் இருந்து முத்து ஏற்றிக் கப்பல் விட்ட ஊர் நம்ம ஊர். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலும், தூத்துக்குடித் துறைமுகமும் பாளையங்கோட்டையில் இருந்து பஸ் ஏறினால் எட்டுகிற தூரம்தான். 2011-ல் அந்தத் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயரை வைத்தார்கள். அதே வருஷம் ஜூன் 13-ம் தேதி அங்கிருந்து கொழும்புக்கு 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பலும் கிளம்பியது. ஊரே சந்தோஷப்பட்டது. ஆள் சேரவில்லை, எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று சில மாதங்களில் நின்றுவிட்டது. வ.உ.சி. கப்பல் விட்ட வழியில் போவதற்கு நாம் நாகப்பட்டினம் வரை போக வேண்டியிருக்கிறது.

மலிவு வேண்டியதுதான். ஆனால் கப்பல்காரன் நஷ்டப்பட்டுத் தருகிற மலிவு ரொம்ப நாள் மிதக்காது. இதை நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டோம்.

தூத்துக்குடியில் மறுபடியும் ஒரு பயணிகள் கப்பல் வந்தால், நியாயமான விலை வைத்திருந்தால், முதல் ஆளாய் டிக்கெட் எடுப்போம் ஸார்.

குடையை வீட்டில் இருந்தே கொண்டுபோய்க்கொள்ளலாம்!